கட்டையை எடுத்தவள்

எங்கள் பட்டறையில் அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு, அதைச் சம்பளம் கொடுக்கும்போது கூப்பிட்டால்தான் கேட்கலாம். லேசில் வாயைத் திறக்க மாட்டாள். மனதில் என்ன ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவளுக்கு ஒரு கெடுதல் செய்தவன், தான் செய்ததை மறந்து நிம்மதியாக இருக்கும் ஒரு நாளில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வான்.

அவளைப் புரிந்துகொள்ள ஒரு வெங்காயக் கதை போதும். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் பைக்கு அடியில் அழுகிய வெங்காயத்தைத் தள்ளிவிடுகிற ஆள். எனக்குத் தள்ளினால் அங்கேயே நின்று கத்துவேன், அவரும் பதிலுக்குக் கத்துவார், அத்தோடு சரி. அவளுக்குத் தள்ளியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையை அப்படியே வீட்டில் கட்டி வைத்தாள். கடையில் நிற்க இடமில்லாத ஒரு மாலை நேரம் பார்த்துப் போய், வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பையைத் தராசில் வைத்து, "அண்ணே, இதுல ஒண்ணே ஒண்ணு நறுக்கிக் காட்டுங்க" என்றாள். பையை அவிழ்த்ததும் நாற்றத்தில் கடையில் ஒருவர்கூட நிற்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் அவர் ஒவ்வொரு வெங்காயமாகப் பொறுக்கிப் போடுகிறார். எனக்கு இன்னும் அழுகியதுதான் வருகிறது.

கூட்டம் சேரும்வரை காத்திருப்பது அவள் வழி. இதை எங்கள் மேனேஜர் தெரிந்துவைத்திருந்தால் பிழைத்திருப்பார்.

நாங்கள் டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கிறவர்கள். ஒரு நீளமான ஷெட், இரண்டு வரிசையாகப் பிரஸ் மெஷின்கள், எல்லாவற்றிலும் பெண்கள். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மெஷினின் இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். மேல் அச்சு இறங்கும், மூடி விழும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் விரல் அச்சுக்குள் இருக்க முடியாது. மெஷினைச் செய்தவன் புத்திசாலி.

எங்கள் மேனேஜர் அவனைவிடப் புத்திசாலி. ஒரு பொத்தானின் இடுக்கில் சின்ன மரக்கட்டையைச் செருகிவிட்டால் அது எப்போதும் அழுந்தியே இருக்கும். அப்புறம் ஒரு கை போதும். ஒரு கை அழுத்த, ஒரு கை தகட்டைத் தள்ளத் தள்ள, மூடிகள் மளமளவென்று விழும். அந்தக் கட்டைகளைத் தச்சரிடம் சொல்லி அளவாகச் செய்து வாங்கியவரே அவர்தான். காலையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். மாலையில் திரும்ப வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். வெளியாள் யாராவது வந்தால் ஷெட்டுக்குள் ஒரு கட்டைகூட இருக்காது.

அவரை நாங்கள் பாம்புச்செவி என்போம். ஷெட்டின் கோடியில் கண்ணாடி அறை ஒன்றில் டீயும் கையுமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எங்களைப் பார்க்கவே மாட்டார். காதால்தான் வேலை வாங்குவார். கட்டை வைத்த மெஷினுக்கு ஒரு சத்தம், வைக்காததற்கு ஒரு சத்தம். ஏதோ ஒரு மெஷின் கொஞ்சம் தளர்ந்தால் போதும், கண்ணாடிக் கதவு திறக்கும், "எவ அவ? கட்டை எங்க?" என்று குரல் வரும். தூக்கத்தில்கூட அவர் அப்படித்தான் கத்துவார் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அழுத்தக்காரிக்கு ஒரு தங்கை. அம்மா போனபின் அவளை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்தவள் இவள்தான். இவளுக்கு வாய்த்த புருஷன் சரியில்லை. ஒருநாள் அவன் துணிமணியை வாசலில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். அப்புறம் அவளுக்கு உலகமே அந்தத் தங்கைதான். தங்கையைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, எந்தப் பொத்தான், எந்தப் பக்கம், கட்டையை எப்படிச் செருகுவது என்று சொல்லிக்கொடுத்ததும் இவள்தான். இதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. நான்தான் சொல்கிறேன்.

தங்கையின் வலது கை போனது ஒரு சாதாரண நாளில். கட்டை செருகிய மெஷின், தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது, அதைச் சரிசெய்ய விரலை நீட்டினாள். மற்ற கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அக்காக்காரி ஓடிப்போய்த் தன் முந்தானையால் அந்தக் கையைச் சுற்றிப் பிடித்தாள். பாம்புச்செவியும் ஓடிவந்தார். தண்ணீர் கொண்டுவரவில்லை, வண்டியைக் கூப்பிடவில்லை. முதலில் குனிந்து மெஷினிலிருந்து கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த மெஷினில் இருந்த நான் பார்த்தேன். தங்கையைக் கட்டிப் பிடித்திருந்த அவளும் பார்த்தாள்.

முதலாளி வந்து விசாரித்தபோது பாம்புச்செவி அதே மெஷினை இரண்டு பொத்தானையும் அழுத்தி ஓட்டிக் காட்டினார். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். பட்டனை அமுக்கிட்டுப் பராக்குப் பாத்துக்கிட்டே கையை உள்ள விட்டிருக்கா" என்றார். நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். எங்கள் வேலை போனால் நீங்களா வந்து உலை வைப்பீர்கள்?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு பை பழத்தோடு வந்தார். தங்கையின் புருஷன், மாமியார், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேம்மா" என்றார். அன்பாகச் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த ஒரு சொல் அந்த வீட்டுக்குள் குடியேறிவிட்டது. நான்கு விரல் இல்லாத கையிலிருந்து டம்ளர் நழுவினால் மாமியார் "கவனம்" என்பாள். பால் பொங்கினால் "கவனம் இருந்தாத்தானே" என்பாள். புருஷனும் பின்பாட்டுப் பாட ஆரம்பித்தான். கடைசியில் அவளே நம்பிவிட்டாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நான்தான்க்கா அன்னைக்குத் திரும்பிப் பாத்துட்டேன் போல" என்று அக்காவிடமே சொன்னாள். அவள் திரும்பவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த எனக்குத் தெரியாதா?

அன்று பட்டறைக்கு வந்த அழுத்தக்காரி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தாளு வாயாலயே சொல்லணும். நாலு பேர் முன்னால சொல்லணும். அதுவரைக்கும் நான் சாக மாட்டேன்."

ஆனால் அவள் செய்தது என்ன தெரியுமா? தங்கையின் விரலைத் தின்ற அதே மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் பாம்புச்செவியைப் பார்த்து "வணக்கம் சார்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குச் சூடு சொரணையே கிடையாதாடி?" என்று கேட்டேன்.

"இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள்.

அவள் அந்த மனுஷரைப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. எவ்வளவு தளர்ந்தால் அவர் தலை நிமிர்கிறது, எவ்வளவு தளர்ந்தால் எழுந்திருக்கிறார், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்திருக்கிறாரா. வேண்டுமென்றே ஒருநாள் கட்டையை எடுத்துப் பார்ப்பாள். அவர் வந்து கத்துவார். "மன்னிச்சுக்குங்க சார், கீழ விழுந்துடுச்சு" என்று மறுபடி செருகுவாள். ஒருமுறை அவர் முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து கத்திவிட்டுப் போனார். அன்று அவள் சாப்பாட்டு வேளையில் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

இதற்கிடையில் எங்கள் மூடியை மொத்தமாக வாங்கும் கம்பெனி, உங்கள் பட்டறையில் பாதுகாப்பு பற்றிய எண்ணம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள் என்று கேட்டது. விரல் போன சேதி அவர்கள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். நம் ஆட்களா சும்மா இருப்பார்கள்? மஞ்சள் தொப்பி போட்ட எங்கள் பாதுகாப்பு அதிகாரி, கண்ணாடி அறைக்கு நேர் எதிரே மூன்று வாளிகளை வைத்தார். பயமில்லாமல் வேலை செய்கிறவர்கள் பச்சை வாளியில் ஒரு மூடியைப் போட வேண்டும். சுமாராக இருக்கிறது என்பவர்கள் மஞ்சளில். பயமாக இருக்கிறது என்பவர்கள் சிவப்பில். பச்சையும் மஞ்சளும் பிளாஸ்டிக். சிவப்புக்கு வாளி கிடைக்கவில்லை என்று தீயணைக்கிற மணல் வாளியைக் காலி செய்து கொண்டுவந்திருந்தார். அது இரும்பு. அதில் தகர மூடியைப் போட்டால் டங்கென்று ஊருக்கே கேட்கும். கண்ணாடிக்குப் பின்னால் பாம்புச்செவி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு டங்கும் கேட்கவில்லை. எல்லா மூடியும் பச்சையில் விழுந்தது. பாதுகாப்பில் எங்களை அடிக்க ஆளில்லை என்று கேடயம் ஒன்று செய்து கண்ணாடி அறையில் மாட்டினார்கள். பயத்தை அளந்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள், வேறென்ன.

அழுத்தக்காரியும் பச்சையில்தான் போட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "நீயுமாடி?"

"நெறையட்டும் விடு" என்றாள். "நெறைய நெறையத்தான் கொட்டும்போது சத்தம் பெருசா இருக்கும்."

வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கேடயத்தைப் பார்த்து மயங்கவில்லை. தங்கள் ஆளையே அனுப்பினார்கள். வந்தது ஒரு அம்மா. தட்டைச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை, பேச்சு குறைவு. பாம்புச்செவி முந்தின நாளே எங்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார். மணி ஒரு தடவை அடித்தால் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை அடித்தால் செருக வேண்டும்.

காலையில் மணி ஒரு தடவை அடித்தது. அந்த அம்மா ஷெட்டைச் சுற்றி வந்தார். நாங்கள் இரண்டு கையாலும் அழகாகப் பொத்தானை அழுத்தினோம். ஒவ்வொருத்தியிடமும் நின்று, "உங்களுக்கு இங்க ஏதாவது பயம் இருக்கா?" என்று கேட்டார். பாம்புச்செவி பின்னால் நின்று புன்னகைத்தார். "ஒண்ணும் இல்லீங்க" என்று நான் சொன்னேன். எல்லோரும் அதையே சொன்னோம்.

அழுத்தக்காரி மட்டும், "மத்தியானம் சொல்றேன் மேடம்" என்றாள்.

அந்த அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பாம்புச்செவி சிரித்து, "கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம்" என்று சமாளித்து அழைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சரக்கு ஏற்ற லாரி வந்து வாசலில் நின்றது. காலை முழுக்க மெதுவாக அடித்ததில் பாதிச் சரக்குகூட ஆகவில்லை. பாம்புச்செவி அந்த அம்மாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, வெயில் என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு, டீ வரவழைத்தார். மணி இரண்டு தடவை அடித்தது. கட்டைகள் ஏறின. ஷெட் அதிர ஆரம்பித்தது. அறைக்குள் அவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

அழுத்தக்காரி தன் கட்டையை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். ஒரு மெஷின் தளர்ந்தது. திரை லேசாக அசைந்தது, அவ்வளவுதான். ஒன்று போதாது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கண்முன் வந்தன. பிறகு அந்தப் பழப் பை ஞாபகம் வந்தது. என் கட்டையைப் பிடுங்கினேன். எதிரே இருந்தவள் எங்கள் இருவரையும் பார்த்துத் தன்னுடையதைப் பிடுங்கினாள். அதற்கடுத்தவள், அதற்கடுத்தவள். பெருமழை விட்டுத் தூறலானது போல ஷெட்டின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது.

"எவ அவ கட்டையை எடுத்தவ? லாரி நிக்குது தெரியல? வைங்கடி கட்டையை!"

காதில் விழுந்தது மூளைக்குப் போகாமல் நேரே வாய்க்கு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் அந்த அம்மா டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எந்தக் கட்டை சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாம்புச்செவியின் முகத்தில் ஈயாடவில்லை. "அது... சும்மா... ஒரு பேச்சுக்கு..." என்று இழுத்தார். அதற்குள் அழுத்தக்காரி கட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்கு நடக்க இவ்வளவு அழகாக வரும் என்று எனக்குத் தெரியாது.

"மத்தியானம் சொல்றேன்னு சொன்னேனே மேடம். இதுதான்" என்று பாம்புச்செவியின் மேஜைமேல், அந்தக் கேடயத்துக்கு நேர் கீழே வைத்தாள். நாங்களும் வரிசையாகப் போய் ஆளுக்கொன்று வைத்தோம். வைக்க வைக்க எனக்கு மனசு குளிர்ந்தது. எல்லோரும் வைத்து முடித்ததும் அவள் சொன்னாள்: "இதுல ஒண்ணு குறையுது மேடம். என் தங்கச்சி மெஷின்ல இருந்தது. அவ கையில ரத்தம் ஊத்தறப்ப சார் அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு."

அந்த அம்மா பாம்புச்செவியைப் பார்த்தார். அவர் தன் சட்டைப் பையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார், பாவி.

முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். எல்லாப் பொத்தானையும் மாற்ற வேண்டும், இரண்டையும் ஒவ்வொரு தடவையும் விட்டு அழுத்தினால்தான் மெஷின் ஓட வேண்டும், அதுவரை சரக்கு எடுக்க மாட்டோம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். வாளிகளைச் சுவருக்குப் பின்னால், யாரும் பார்க்காத, யாருக்கும் கேட்காத இடத்தில் வைக்கவும் சொன்னார். "அப்ப சிவப்பு நெறைஞ்சிடுமே மேடம்" என்றார் முதலாளி. "நெறையட்டும். நெறைஞ்சா இங்க நிலைமை தேறுதுன்னு அர்த்தம். காலியா இருந்தாத்தான் எனக்குப் பயம்" என்றார் அந்த அம்மா. அப்படியே நிறைந்தது. வழுக்குகிற தரை, ஆடுகிற ஏணி, இருட்டான மூலை என்று ஆளாளுக்கு வாயும் திறந்தது. ஆனால் அது பிற்பாடு.

அன்று முதலாளி அழுத்தக்காரியிடம் நைச்சியமாக, "அந்தாளை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன்மா. திருப்திதானே?" என்றார்.

"அனுப்பக் கூடாது சார்" என்றாள் அவள். "அனுப்பிட்டா அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்? முதல்ல அவரு என் தங்கச்சி வீட்டுக்கு வரணும். ஆஸ்பத்திரியில யார் யார் நின்னாங்களோ அத்தனை பேரும் இருக்கறப்ப வரணும். அதுக்கப்புறம் நீங்க அவரை என்ன செஞ்சாலும் எனக்கு அக்கறையில்ல."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மறுபடியும் கையில் ஒரு பை பழம்! முதலாளி காரிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான், மறைப்பானேன். தங்கை நிலைப்படியில் நின்றாள், கை முந்தானைக்குள். அக்காக்காரி அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டாள். புருஷன் பாதி போட்ட சட்டையோடு வந்து நின்றான். மாமியார் அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

பாம்புச்செவி தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "அன்னைக்கு... கட்டை வைக்கச் சொன்னது... நான்தாம்மா. எடுத்து மறைச்சதும் நான்தான். உன் மேல தப்பில்ல."

தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

"சத்தமாச் சொல்லுங்க சார். உள்ள எங்க அத்தை இருக்காங்க. அவங்களுக்குக் காது கேக்காது."

அவர் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"பத்தாது சார். பட்டறையில கத்துவீங்களே, அந்த மாதிரி."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வேறு வழியில்லாமல், ஷெட் முழுக்கக் கேட்கும் அந்தப் பழைய குரலில், "கட்டை வைக்கச் சொன்னது நான்தான்! அவ மேல தப்பில்ல!" என்று கத்தினார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் துணியோடு நின்றாள். புருஷன்காரன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் தேடினான். சுவரோரம் அழுத்தக்காரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் முதல்முறையாக மனதில் இருப்பது தெரிந்தது.

அந்த மாமியாருக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. உள்ளே அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி விழுந்து உருண்டது.

தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கவனம் அத்தை" என்றாள்.